ஒலிப்பதிவில் இல்லாத வரி

மருதனார்மடச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எனக்கு ஒரு தட்டச்சுக் கடை இருக்கிறது. கொம்பியூட்டர் ஒன்று, போட்டோக்கொப்பி மெஷின் ஒன்று, பிறின்ரர் ஒன்று. வருகிற வேலையில் பாதி கல்வெட்டு. செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் சொந்தக்காரருக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். "அப்பா கோவக்காரர், ஆனால் நல்லவர்" என்று இருக்கும். அதை நான் "நேர்மையில் கண்டிப்பும் நெஞ்சில் கனிவும் நிறைந்தவர்" என்று அடிப்பேன். வாசித்துவிட்டு அழுவார்கள். நாங்கள் இப்படி எழுதவில்லையே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தேன். போர்க்கால இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். அது யாருக்கும் தெரியவரக் கூடாது என்றுதான் எழுத்துத் தமிழை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படித்தவர்கள் கடைக்குள் வந்தால் இன்றைக்கும் கை வேர்க்கும். அச்சடித்துக் கொடுத்ததில் பிழை இருக்குமோ என்று, வாங்கிக்கொண்டு போனவர்களின் பின்னால் ஓடி ஒருமுறை பார்த்துவிட்டு வந்த நாட்களும் உண்டு.

இந்தப் பழக்கங்களோடுதான் நான் ஜாஸ் இசை ஆராய்ச்சியில் கை வைத்தேன்.

அந்த வேலையைக் கொண்டுவந்தவர் ஒரு விரிவுரையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், ஸ்கூட்டியில் வருவார். நான் மிஸ் என்று கூப்பிடுவேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத் தமிழில் ஒரு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பு யாழ்ப்பாணத்தில் ஜாஸ் வாசித்தவர்களைப் பற்றியது. ஜாஸ் என்றால் என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றேன். அவரே விளங்கிக்கொண்டு கைத்தொலைபேசியில் ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"மிஸ், உது கலியாண வீட்டு பாண்ட் மாதிரியெல்லோ கிடக்கு."

"அதேதான். உங்களுக்கு அது மாதிரிக் கேக்குதெல்லோ, ஏன் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் என்ரை வேலை."

மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த கிறிஸ்தவக் குடும்பங்களில் பியானோவும் ஊதுகுழல்களும் இருந்தன. அந்த வீட்டுப் பெடியள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீதம் வாசித்தார்கள். சனிக்கிழமை கலியாண விருந்தில், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விருந்தில், நடனத்துக்கு வாசித்தார்கள். அப்படி ஒரு குழுவில் ட்றம்பெற் ஊதியவர் ஒருவர் அரியாலையில் இருந்தார். தபாற் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், எண்பது வயது தாண்டியவர். மிஸ் அவரோடு நாலு நாள் இருந்து கதைத்து ஒலிப்பதிவு செய்திருந்தார். அந்த நாலு பதிவையும் கேட்டு எழுத்தில் அடித்துத் தருவது என் வேலை.

"சொன்னது சொன்னபடி அடியுங்கோ," என்றார் மிஸ். "இருமினால் இருமினார் எண்டு போடுங்கோ. சிரிச்சால் சிரிச்சார் எண்டு போடுங்கோ. ஒண்டையும் திருத்த வேண்டாம், என்ன?"

"ஓம் மிஸ்."

மனதாரத்தான் சொன்னேன். இருமலை எல்லாம் போட்டேன். சிரிப்பை ஒன்றுவிடாமல் போட்டேன்.

மூன்றாவது பதிவில் ஓரிடத்தில் மிஸ்ஸுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "ஒரு நிமிசம் அங்கிள்" என்றுவிட்டு வெளியே போய்விட்டார். பதிவுக் கருவியை நிற்பாட்ட மறந்துவிட்டார். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த ட்றம்பெற் ஐயா தன்பாட்டில் கதைக்கத் தொடங்கினார். கருவியோடுதான் கதைத்தார்.

"தம்பி றெக்கோட்டர், அவ வெளியிலை போட்டா. நீயாவது கேள். பாட்டு நோட்டு, நோட்டு எண்டு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறா. நோட்டு எங்கையடாப்பா இருந்தது? றேடியோவிலை ஒருக்காப் போடுவான். கேட்டால் கேட்டதுதான், திருப்பிக் கேக்கேலாது. முதல் பாதியைப் பியானோக்காரன் எழுதுவான். நடுவிலை கரகரவெண்டு இழுத்துக்கொண்டு போயிடும். அந்த இடத்திலை தாளிலை வெறுங்கோடுதான். என்னைப் பார்த்து, நீ எதையாவது ஊது எண்டுவான். நானும் எதையாவது ஊதுறது. போன கிழமை என்ன ஊதினனான் எண்டு ஆருக்கு ஞாபகம்? இந்தக் கிழமை வேறை ஒண்டு. பிழைச்சுதெண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஊதவேணும். சனம் உணர்ச்சியிலை ஊதுறான் எண்டு நினைக்கும்."

பிறகு சிரித்தார், இருமினார். வாயால் ஒரு மெட்டைக் கொஞ்சம் ஊதிக் காட்டினார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது, மிஸ் திரும்பி வந்துவிட்டார். "என்ன அங்கிள், விட்ட இடம் எது?" "ஒண்டுமில்லைப் பிள்ளை, அந்த நோட்டுக் கதைதான்."

நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தேன். சபையில் மூப்பராக இருந்த மனிதர். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள். நாளைக்குப் பல்கலைக்கழகப் புத்தகத்தில் அவர் "எதையாவது ஊதுறது" என்று நிற்கலாமா? ஒருவரும் இல்லை என்று நினைத்துக் கதைத்தது வேறு. படிக்காமல் படித்தவர் மாதிரிக் காட்டிக்கொண்டு நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதர் அப்படி மாட்டுப்பட்டு நிற்பதை என் கையால் அடிக்க மனம் வரவில்லை.

இப்படி அடித்தேன்: "வானொலியிற் கேட்ட இசையைச் சுரக்குறிப்பாக எழுதி, அதனை முறையாகப் பயின்று வாசித்தோம். (சிரிக்கிறார். இருமுகிறார்.)"

மிஸ் தாள்களை ஐயாவிடம் கொண்டுபோனார். ஆராய்ச்சியில் அப்படி ஒரு முறை இருக்கிறதாம், சொன்னவரே வாசித்துப் பார்த்துத் தாளுக்குத் தாள் கையெழுத்து வைக்கவேண்டும். ஐயா எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்தார். மிஸ் சந்தோசமாக வந்து சொன்னபோது எனக்கும் ஆறுதலாக இருந்தது. சொன்னவரே ஒத்துக்கொண்டுவிட்டார், இனி என்ன?

ஏழெட்டு மாதம் கழித்து மிஸ் ஆய்வேட்டின் நாலாம் அதிகாரத்தை அச்செடுக்க அனுப்பினார். மேற்பார்வையாளருக்குக் கொடுப்பதற்கு. பிறின்ரர் ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது. தாளை அடுக்கும்போது வாசிப்பது என் பழக்கம். பிழை இருந்தால் முதலில் என் கண்ணில் படவேண்டும் என்று ஒரு பயம்.

ஜாஸைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எல்லாரும் அந்தந்த நேரத்தில் இட்டுக்கட்டி வாசிப்பதுதான் அதன் உயிர் என்கிறார்கள் என்று அதிகாரம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் அப்படி இருக்கவில்லை என்று அடுத்த பந்தி சொன்னது. மிஷன் பள்ளிக்கூடங்களின் சுரக்குறிப்புப் பழக்கம் இங்குள்ள வாசிப்பை இறுக்கிக் கட்டிவிட்டது, எழுதாத ஒரு சுரத்தையும் இவர்கள் ஊதவில்லை, ஜாஸ் இங்கே தன் உயிரை விட்டுவிட்டு உடம்போடு மட்டும் வந்தது. இதுதான் மிஸ்ஸின் கண்டுபிடிப்பு. அதற்குச் சான்றாக, தனியாக உள்ளே தள்ளி, ஒரு மேற்கோள் இருந்தது.

"வானொலியிற் கேட்ட இசையைச் சுரக்குறிப்பாக எழுதி, அதனை முறையாகப் பயின்று வாசித்தோம்."

அது என் வரி. ஐயாவின் வாயில் இருந்து வரவேயில்லை. முப்பது பக்கம் அந்த வரியில் நின்றது.

அதிகாரத்தை உறையில் போட்டு வைத்தேன். மிஸ் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் உறையை வாங்கும்போது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், "ஸ்ரேப்பிள் அடிக்கவோ மிஸ்?" என்று வந்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். பழைய பென் டிரைவைத் தேடி எடுத்து மூன்றாவது பதிவைத் திரும்பக் கேட்டேன். ஒருவேளை அவர் அப்படியும் ஒரு இடத்தில் சொல்லியிருப்பார் என்று ஒரு நப்பாசை. இல்லை. என் கணவரிடம் சொன்னேன். அவர் வெங்காயத் தோட்டத் தறைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு வரிக்கே இந்தப் பாடு? ஆர் உதை வாசிக்கப் போறாங்கள்?"

"பரீட்சகர் மூண்டு பேர் வாசிப்பினம். மூண்டு பேரும் பிழை பிடிக்கிறதுக்கெண்டே வாசிக்கிறவை."

"அந்த மனுசன் கையெழுத்து வைச்சிட்டாரெல்லே. பிறகென்ன?"

"நான் அடிச்சதுக்கெல்லோ வைச்சவர். அவர் சொன்னதுக்கில்லையே."

"அப்ப போய்ச் சொல்லு."

"சொன்னால் மிஸ் இனிக் கடைக்கு வரமாட்டா."

"சொல்லாட்டி வருவா. வந்து உன்ரை முகத்தைப் பார்த்து, என்ன சுகமில்லையோ எண்டு கேப்பா. அதுக்கு என்ன சொல்லுவாய்? ஸ்ரேப்பிள் அடிக்கவோ எண்டோ?" என்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த ஸ்ரேப்பிள் கதையை நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் அவர் கேட்டதுதான் என்னைத் தொலைபேசியை எடுக்க வைத்தது. மிஸ் அதே பின்னேரம் வந்தார். நான் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் திருத்திச் சொல்லிவிடுவேன் என்று பயம். ஹெட்ஃபோனைக் கொடுத்து அந்த இடத்தைப் போட்டேன். பக்கத்தில் நான் அடித்த தாளை வைத்தேன்.

மிஸ் கேட்டார். நிற்பாட்டினார். திரும்பப் போட்டுக் கேட்டார். தாளைப் பார்த்தார்.

"இது எத்தினை இடத்திலை?"

"தெரியாது மிஸ்."

"தெரியாதெண்டால்?"

"சின்னச் சின்னதாய்க் கன இடத்திலை இருக்கும். இது பெரிசு."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் இருந்துகொண்டு தாளின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆறு கிழமையிலை ஏட்டைக் குடுக்கவேணும். இந்த அதிகாரம் விழுந்தால் முடிவுரையும் விழுந்திடும். நான் மூண்டு பேருக்கு முன்னாலை இருந்து, இஞ்சை ஒருத்தரும் இட்டுக்கட்டி வாசிக்கேல்லை எண்டு சொல்ல இருந்தனான். தெரியுமோ?"

"ஓம் மிஸ். வாசிச்சனான்."

"வாசிச்சுப்போட்டும் அண்டைக்குச் சொல்லேல்லை."

மிஸ் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நானும் ஒருக்காத் திருப்பிக் கேக்காமல் விட்டனான். தாள் வடிவாய் இருந்தது, அதை நம்பினன்." அதை எனக்காகச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு ஹெட்ஃபோனை மாட்டி இன்னொரு தரம் கேட்டார். இந்தமுறை ஐயா மெட்டை ஊதுகிற இடத்தில் நிற்பாட்டாமல் விட்டார். "பத்து மாதம் இதைத்தான் தேடினனான்," என்றார். கோபத்தோடுதான் சொன்னார்.

ஆனால் அதை அப்படியே எடுத்துப் போட முடியாது. ஆள் இல்லை என்று நினைத்து ஒருவர் கதைத்ததை அவரைக் கேட்காமல் பாவிக்கக் கூடாதாம். அவர் மாட்டேன் என்றால் மிஸ்ஸிடம் பொய்யான அதிகாரமும் இல்லை, உண்மையான அதிகாரமும் இல்லை. ஆறு கிழமைதான் இருந்தது.

மிஸ்ஸின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்துகொண்டு அரியாலைக்குப் போனேன். வரத் தேவையில்லை என்று மிஸ் சொன்னார். நான்தான் அடித்தேன், நான்தான் சொல்லவேண்டும் என்று போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று அடுக்கிக்கொண்டு போனேன். ஐயாவைக் கண்டதும் எல்லாம் கொட்டுண்டுவிட்டது. அவர் சறத்தோடு விறாந்தைக் கதிரையில் இருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஐயா உங்கடை பேச்சை அடிச்சனான். உங்களுக்கு மரியாதை குறைஞ்சிடும் எண்டு மாத்திப்போட்டன்."

"அட, நீயோ பிள்ளை அது?" என்றார். "நான் வாசிக்கேக்கை நினைச்சனான், இவ்வளவு வடிவாய் எப்ப கதைச்சனான் எண்டு. ஆராய்ச்சியெண்டால் அப்பிடித்தான் ஆக்கும், நாங்கள் கண்டபடி சொல்லுவம், அவை தோய்ச்சுக் காயவிட்டுத் தருவினம் எண்டு நினைச்சுக்கொண்டு கையெழுத்து வைச்சனான்."

மிஸ் பதிவைப் போட்டுக் காட்டினார். "தம்பி றெக்கோட்டர்" என்று தன் குரலைக் கேட்டதும் ஐயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பியானோக்காரரின் தாளில் வெறுங்கோடு என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உது வேண்டாம் பிள்ளை."

"எது அங்கிள்?"

"என்ரை கதையைப் போடு. எதையாவது ஊதினனான் எண்டு போடு, எனக்கென்ன. அவன்ரை கதையை விடு. அவன் செத்துப்போனான். மனிசி ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்வாங்கிலை இருக்கிறா. கேட்டவுடனை நோட்டு எழுதுற பெரிய ஆள் எண்டு அவனுக்குச் சபையிலை ஒரு பேர் இருக்கு. அதைப் போய் நான் கெடுக்கிறதோ?"

"அந்தத் தாள் வெறுமையாய் இருந்தபடியால்தானே நீங்கள் இட்டுக்கட்டி ஊதினனீங்கள். அதை விட்டால் இதைச் சொல்லேலாது அங்கிள்."

"அப்ப இரண்டையும் விடு."

மிஸ் பதிவுக் கருவியைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். கெஞ்சுவார் என்று நினைத்தேன், கெஞ்சவில்லை. ஐயா பயித்தங்காயை முறிப்பதும் மிஸ்ஸைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்குத் தாங்க முடியவில்லை. எனக்கு இருக்கிற பயத்தில் பெரியவர்களிடம் கேள்வி கேட்பதே குறைவு. அன்றைக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

"ஐயா, அந்த அம்மாவிட்டையே கேட்டால் என்ன?"

அவர் பயித்தங்காயைக் கீழே வைத்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து நம்பரைத் தேடித்தரச் சொல்லி மிஸ்ஸிடம் நீட்டினார். சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்கள். ஐயா சுற்றி வளைத்தார். மழை, சபை, முழங்கால் நோ எல்லாம் கதைத்த பிறகுதான் விசயத்துக்கு வந்தார்.

"வெறுங்கோடோ?" என்றது அந்த அம்மாவின் குரல். "எனக்குத் தெரியாததே? அந்த வெறுங்கோட்டிலைதானே நான் கடைக்குச் சாமான் லிஸ்ற் எழுதிக் குடுத்துவிடுறனான். நல்ல தடிச்ச தாள். இது எனக்குத் தெரியுமெண்டு உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அவர் செத்தது வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர், அண்ணை. நீங்கள் ஊதுறதைப் பார்த்து, தாளிலை இருக்கிறதைத்தான் ஊதுறான் எண்டு சனம் நினைக்குதாம், அதாலை தன்ரை மானம் தப்பிச்சுதாம் எண்டு எனக்குச் சொல்லுவார். எழுதட்டும். எழுதினால் எனக்கும் ஒண்டு தரச்சொல்லுங்கோ."

ஐயா தொலைபேசியை வைத்துவிட்டு, "கள்ளப்பயல்," என்றார். பிறகு பேனை கேட்டார்.

நான் புதிதாக அடித்துக் கொண்டுபோயிருந்த தாளில், இம்முறை உள்ளபடி அடித்த தாளில், கையெழுத்து வைத்தார். வைக்கும் முன் முழுவதையும் சத்தமாக வாசித்தார். "எங்கையடாப்பா" என்ற சொல்லில் நின்று, "இதையும் போட்டிட்டியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சரி, கிடக்கட்டும்."

அடுத்த கிழமைகளில் மிஸ் கடையிலேயே இருந்து நாலு பதிவையும் முதலில் இருந்து என்னோடு சேர்ந்து கேட்டார். நான் மாற்றிய இடம் வரும்போதெல்லாம் கையைத் தூக்குவேன், அவர் நிற்பாட்டுவார். முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே எனக்குத் தோள்மூட்டு நொந்துவிட்டது. ஆறு கிழமை போதாமல் கடிதம் எழுதித் தவணை கேட்டார், மூன்று மாதம் கொடுத்தார்கள். நாலாம் அதிகாரம் தலைகீழானது. அதில் ஒரு அடிக்குறிப்பு வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். முதலில் செய்யப்பட்ட எழுத்துப்படியில் தட்டச்சாளர் பேச்சை மாற்றியிருந்தார், பின்னர் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு மீண்டும் எழுதப்பட்டது என்று இருந்தது. "தவறுதலாக" என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாமா என்று விரல் நின்றது. தவறுதலாக நடக்கவில்லை. சேர்க்காமல் அடித்தேன்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சை நடந்த அன்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யவில்லை. பின்னேரம் மிஸ் தொலைபேசியில் அழைத்தார்.

"அந்த அடிக்குறிப்பைப் பற்றித்தான் கன நேரம் கேட்டவை."

"என்ன சொன்னனீங்கள் மிஸ்?"

"நடந்ததைச் சொன்னன். ஒருத்தர் சிரிச்சவர். ஒருத்தர் சிரிக்கேல்லை. பட்டம் தாறதாம், திருத்தம் இருக்கு. நாலு பதிவையும் முழுசாய்ப் பின்னிணைப்பிலை போடச் சொல்லுகினம், எத்தினையாவது நிமிசம் எண்டும் குறிச்சு. நீங்கள்தான் அடிக்கவேணும்."

"வேறை ஆரையாவது பாருங்கோ மிஸ். என்னை நம்பி..."

"வேறை ஆக்கள் எங்கை திருத்துவினம் எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் எங்கை திருத்துவியள் எண்டு இப்ப தெரியும்."

வெள்ளிக்கிழமை ஒரு கல்வெட்டு வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டுச் சனிக்கிழமை தொடங்குகிறேன் என்றேன்.